எல்லை தாண்டியதாக

ஜெனோவா மூன்றாம் முறையாகச் செய்தி அனுப்பினாள்.

'புயல் வருது. உடனே கரைக்குத் திரும்புங்க.'

திரையில் ஒரு படகும் பதில் சொல்லவில்லை.

காலை பத்து மணி. கடலில் இருபத்திரண்டு படகுகள்.

எல்லாவற்றிலும் ஒரே தனியார் கம்பெனியின் செயற்கைக்கோள் கருவிதான். மீனவர் சங்கச் செயலாளரான அவள் வீடு வீடாகப் போய்ப் பேசியதால் வாங்கினார்கள். பழைய வயர்லெஸ் பெட்டிகளைக் கழற்றிப் போட்டதும் அவள் சொல்லித்தான்.

"இதுக்கு அரசாங்கம் பொறுப்பு" என்று கருவி அறிமுக விழா மேடையில் மீன்வளத்துறை அதிகாரி சொன்னதை அவள் நம்பியிருந்தாள்.

கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"கடல் எல்லையில பதற்றம், மேடம். இந்தப் பக்கம் சிக்னல நிறுத்தச் சொல்லி அரசாங்க உத்தரவு."

அதிகாரிக்குப் போட்டாள்.

"அது கம்பெனி கருவிம்மா. அவங்களத்தான் கேக்கணும்."

அதற்குள் கடல் கறுத்துவிட்டது.

மாலைக்குள் இருபத்தொரு படகுகள் வந்தன. காற்றைப் பார்த்துத் தாங்களாகவே திரும்பியவர்கள். ஆழ்கடலுக்குப் போயிருந்த சூசையின் படகு வரவில்லை.

அதில் நான்கு பேர்.

ஆறாம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள்.

ஏழாம் நாள் அதிகாரியும் கம்பெனிக்காரரும் வந்தார்கள்.

ஒரே காரில்.

அவள் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். சூசை எல்லை தாண்டிப் போனதாகவும், கருவியில் ஒரு குறையும் இல்லை என்றும் சங்கமே எழுதியது போல ஒரு கடிதம். கீழே அவள் பெயர் அச்சாகியிருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம்.

"போட்டுட்டா மத்த படகுங்களுக்கு லைசென்சு பிரச்சினை வராது. நீங்க வெவரம் தெரிஞ்சவங்க."

வெவரம் தெரிஞ்சவ. சூசையின் மனைவியும் அப்படிச் சொல்லித்தான் பழைய பெட்டியைக் கழற்ற விட்டாள்.

தாளோடு மாதா கோயிலுக்குள் போனாள் ஜெனோவா. ஊருக்கே கேட்கும் மைக்கைப் போட்டாள்.

தேதியிலிருந்து தொடங்கி, ஒரு வரி விடாமல் வாசித்தாள். கடைசியில் தன் பெயரையும்.

தெருவில் கதவுகள் திறந்தன. சூசையின் மனைவி தன் வீட்டு வாசல்படியிலேயே நின்றாள்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜெனோவா மைக்கை அணைக்கவில்லை.

"வயர்லெஸ்ஸக் கழட்டச் சொன்னது நான்தான்."

மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

பிறகு, அன்றைக்கு அந்த விழா மேடையில் யார் யார் நின்றார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினாள்.