இரண்டாவது வெடி

மாமனார் சுவரிலிருந்த துப்பாக்கியை இறக்கியதைப் பார்த்ததுமே பீனா தோளில் கிடந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"நீதானே அவளை வரச் சொன்னே?" பெள்ளியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆமாம் மாமா. குழந்தையத் தொட்டில்ல போடுற நாளு. அத்தைக்காரி இல்லாம எப்படி?"

"செத்தவளுக்கு யாராவது அழைப்பு அனுப்புவாங்களா?"



குடகில் ஆண் குழந்தை பிறந்தால் முற்றத்தில் ஒரு வெடி. சாவு விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு. எட்டு வருடத்துக்கு முன் மகள் தேச்சம்மா வேற்று சாதியில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, பெள்ளியப்பா தன் தாத்தாவின் இந்தத் துப்பாக்கியால் இரண்டு முறை வெடித்தார். சத்தம் கேட்டு ஊரே வெள்ளை உடுத்திக்கொண்டு ஓடி வந்தது.

"பிணம் எங்கே?" என்று கேட்டார்கள்.

"மைசூர்ல இருக்கு" என்றார்.

அன்று சுவருக்குப் போன துப்பாக்கி அதன் பிறகு இறங்கவில்லை. பீனாவுக்குக் குழந்தை பிறந்தபோதும்தான். "ஒரு வெடி போடக் கூடாதா மாமா?" என்று அவள் கேட்டதற்கு, "பொட்டப்புள்ளைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது இறக்கியிருக்கிறார்.

"கான்வென்ட்ல படிச்ச மருமக பாரு, துணிச்சலுக்குக் குறைச்சலா?" அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள் பெள்ளியப்பாவின் தங்கை சின்னவ்வா. "பன்றிக் கறி வேகறதுக்குள்ள இங்க ஒரு கொலை விழுந்திடும் போலிருக்கு."

பீனாவின் கணவன் சோமையா மெல்லப் பக்கத்தில் வந்தான். "நான் போய் அக்காவை வாசல் கேட்டோடயே திருப்பி அனுப்பிடறேன்."

"அனுப்புங்க. அப்படியே நீங்களும் அவங்களோட போயிடுங்க."

சோமையா இரண்டடி பின்வாங்கினான்.

பெள்ளியப்பா பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு தோட்டாவை எடுத்துக் குழலில் போட்டார்.

பீனா அந்த ஒற்றைத் தோட்டாவையே பார்த்தாள். ஒரு ஆளுக்கு ஒன்று போதுமே.

கேட் கிறீச்சிட்டது.

தேச்சம்மா வெளியே நின்றிருந்தாள். பின்பக்கம் கொசுவம் வைத்துக் கட்டிய குடகுச் சேலை. கையில் ஒரு சின்னப் பை. துப்பாக்கியோடு முற்றத்தில் இறங்கிய அப்பாவைப் பார்த்ததும் அசையாமல் நின்றாள். ஆனால் திரும்பிப் போகவில்லை.

பீனா ஓடினாள். பச்சை உடம்பு, ஓடக் கூடாது என்பதெல்லாம் நினைவிலேயே இல்லை. குழந்தையோடு போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"சுடணும்னா முதல்ல எங்களைச் சுடுங்க மாமா."

"நகரு."

"மாட்டேன். என் மகளும் பொட்டப்புள்ளதானே? நாளைக்கு இவளும் தனக்குப் பிடிச்சவனைத்தான் கட்டுவா. அன்னைக்கும் நீங்க இதை எடுப்பீங்க. எதுக்கு அவ்வளவு நாள் காத்திருக்கணும்? இன்னைக்கே முடிச்சிடுங்க."

அவள் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

"பீனா, நீ தள்ளிக்கோ" என்றாள் தேச்சம்மா, கேட்டுக்கு வெளியிலிருந்தே. "அப்பாவோட குறியை நம்ப முடியாது. காட்டுப் பன்றின்னு சொல்லி எங்க நாயைச் சுட்டவரு."

சின்னவ்வா கரண்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பயமா தெரியவில்லை.

பெள்ளியப்பாவின் மீசை துடித்தது. துப்பாக்கியைத் தூக்கினார்.

பீனா கண்ணை இறுக மூடினாள்.

வெடித்தது.

குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது. மரத்துக் காக்கைகள் எல்லாம் கலைந்து பறந்தன. பீனா கண்ணைத் திறந்தாள். துப்பாக்கிக் குழல் வானத்தைப் பார்த்துப் புகைந்துகொண்டிருந்தது.

"மறுபடியும் சாவு வெடியா? ஒரு தடவை கொன்னது போதாதா அண்ணா?" என்று கத்தினாள் சின்னவ்வா.

எல்லோரும் இரண்டாவது வெடிக்காகக் காத்திருந்தார்கள். தேச்சம்மாவும்தான். அவளுக்கும் கணக்குத் தெரியும்.

பெள்ளியப்பா குழலை மடக்கித் திறந்தார். சூடான வெற்றுத் தோட்டா மண்ணில் விழுந்தது. வேறு தோட்டா போடவில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே நடந்துபோய் கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

சரிவுக்குக் கீழே, காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து பக்கத்துத் தோட்டத்து மாச்சையா குரல் கொடுத்தார்.

"என்ன பெள்ளியப்பா, ஒத்தை வெடியோட நிறுத்திட்டே? உங்க வீட்டுல யாருக்குப் பையன் பொறந்திருக்கான்?"

பெள்ளியப்பா ஒரு கையால் மகளின் பையை வாங்கிக்கொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"பையன் இல்லடா! ரெண்டு பொண்ணு பொறந்திருக்கு!"