அச்சில் வராது

அழித்தாள். பெயர் போகவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தாள். போனது. சிறிதாக்கினாள். சாப்பிடக் கூப்பிட்டதுபோல மறுபடி வந்து நின்றது.

"எருமை," என்று கணினியைத் திட்டினாள், செல்லமாக.

தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அச்சகத்தில் இந்த வடிவமைப்பு மென்பொருளோடு குடும்பம் நடத்துகிறாள். எதை அழித்தாலும் அதன் சாயல் திரையைவிட்டு நகராது. கம்பெனிக்கு எழுதிப்போட்டாள். கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு பதிப்பும் குளிக்காமல் புதுச்சட்டை மட்டும் போட்டுக்கொண்டுதான் வந்தது.

எரிச்சல் வரும். ஆனால் வேறு எதிலும் அவளுக்குக் கை ஓடாது.

கல்யாணப் பத்திரிகை அடிக்க வருபவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையையே பார்ப்பார்கள். அழித்தது அழியவில்லையே என்று பதறுவார்கள். எல்லோருக்கும் அவளிடம் ஒரே பதில்தான்.

"திரையிலதான் தெரியும். அச்சுல வராது."

இன்று வந்திருப்பது கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, பெரியப்பா.

அழைப்பவர்கள் வரிசையில் அம்மாவின் பெயரை முதலில் போடச் சொன்னது பெண். எடுக்கச் சொன்னது பெரியப்பா.

"தம்பி இல்லாத எடத்துல நானும் பெரியம்மாவும் கூப்பிடறதுதாம்மா முறை. அம்மா பேரு வேணாம். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

நல்ல மனிதர்தான். மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் அலைந்து செருப்புத் தேய்ந்தது அவருக்குத்தான்.

"எடுத்துடுங்க," என்றார் அம்மாவும், மெதுவாக.



அதனால்தான் அழித்தாள்.

போக மறுத்த பெயர் திரையில் அப்படியே இருந்தது. சௌந்தரவல்லி. கடைசி எழுத்தின் சுழி கொஞ்சம் உடைந்திருந்தது.

அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்கப்போகிறவர்போலப் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.



அவளுடைய இடது கை தானாக விசைப்பலகைக்குப் போனது. கண்ட்ரோல் மேல் ஒரு விரல். இஸட் மேல் ஒரு விரல். அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் விசைகள்.

அழுத்தாமல் பெண்ணைப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணும் கணினியில் வேலை பார்ப்பவள்தான். விரல்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கண்ணாலேயே சரி என்றாள்.

அழுத்தினாள்.

திரையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. உடைந்திருந்த சுழி மட்டும் முழுதாக வந்தது.

பெரியப்பா கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டார்.

"பேரு இன்னும் போகலையேம்மா?"

நாள்தோறும் சொல்லிப் பழகிய வாய். திணறவே இல்லை.

"திரையிலதான் சார் தெரியும்," என்றாள். "அச்சுல வராது."