மூன்று வயது விரல்

"மூணு வயசுப் பிள்ளையால இந்த விசையை இழுக்க முடியுமா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

கேட்டவர் பெயர் ராய்ஸ். நாற்பதைத் தாண்டியவர். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததாம், அந்தப் பழைய பிஸ்டல்.

வெர்னா முப்பது வருடமாக அமெரிக்காவின் அந்த வயோமிங் ஊரில் துப்பாக்கிக் கடை நடத்துகிறாள். பிள்ளை இருக்கும் வீடு என்றால் அவளுக்கு இரட்டிப்புக் கவனம். பிள்ளை அளவுச் சவப்பெட்டியை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதுவே ஜென்மத்துக்கும் போதும்.

பிஸ்டலில் தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒப்பிட்டுக் காட்டக் கண்ணாடி அலமாரியிலிருந்து வேறு இரண்டை எடுத்தாள். ஒன்று, இப்போது எல்லோரும் வாங்குவது. கொக்கித் தராசை விசையில் மாட்டி இழுத்தால் ஐந்தரை பவுண்டு காட்டியது. இன்னொன்று இன்னும் மோசம், நான்கே பவுண்டு. பூட்டுப் போட மறந்தால் தீர்ந்தது கதை.

மூன்றாவதாக ராய்ஸின் பிஸ்டல். முள் ஐந்தைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது, பதினான்கில்தான் 'டிக்' என்றது. மறுபடி இழுத்தாள். அதே பதினான்கு. தராசைக் கழற்றிவிட்டு விரலாலும் இழுத்துப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் உள்ள பாதி தயாரா நிக்கும். இதுல ஒவ்வொரு தடவையும் விரல்தான் முழு வேலையும் பாக்கணும். எனக்கே நோவுது."

உள்ளே ஸ்பிரிங்கை யாராவது மாற்றியிருந்தால் என்று ராய்ஸ் கேட்டார். வெர்னா பிரித்தே பார்த்துவிட்டாள். கம்பெனி போட்டது அப்படியே இருந்தது, யாரும் கை வைத்த தடயமே இல்லை.

"ரெண்டு கையாலயும் இழுத்தா?"

"அப்புறம் துப்பாக்கிய யாரு பிடிக்கிறது? அந்தக் கைக்கு இது ஆகாது தம்பி. ஆனாலும் என் பேச்சை நம்பி வெளிய வைக்காதீங்க. பெட்டியில வச்சுப் பூட்டுங்க."

ராய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், பிள்ளைப் பாசம் என்று வெர்னாவுக்கு மனசு இளகியது. சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கடை முத்திரையோடு தரச் சொன்னார். மனைவி வாய் வார்த்தையை நம்பமாட்டாள் போலிருக்கிறது. சந்தோஷமாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"வீட்ல காட்டுங்க, நிம்மதியா இருப்பாங்க. பையன் பேரு என்ன?"

"எனக்குப் பிள்ளையே இல்லம்மா. இந்தத் தாளு போலீசுக்கு, ஷெரீப்புக்கு." தாளை இன்னொரு தரம் படித்தார். "மூணு வயசுல இதை எடுத்து விளையாடி, எங்கம்மாவைச் சுட்டது நான்தான்னு நாப்பது வருஷமா அப்பா சொல்லிக்கிட்டிருக்காரு."