தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் யார் யாருடைய சின்னங்களையோ வைத்துத் தைத்த பரிமளா, தான் திறக்கப்போகும் தையல்கடைக்குத் தன் கையாலேயே ஒரு சின்னம் வரைந்துவிட வேண்டுமென்று டிசைன் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அன்றைய பாடம் சுலபம்தான். சதுர அட்டையில் இடப்பக்கம் வெட்டிய துண்டை வலப்பக்கம் ஒட்டினால் ஓர் உருவம் கிடைக்கும். அதையே வரிசையாக அடுக்கினால் இடைவெளியில்லாமல் தாள் நிறைந்துவிடும். பரிமளாவுக்குக் குருவி கிடைத்தது. அந்த அட்டையை வைத்து மஞ்சளிலும் நீலத்திலும் கண்ணாடித்தாள் குருவிகளை வெட்டினாள். ஒன்றுகூடப் பொருந்தாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

வகுப்பெடுக்கும் தர்ஷினி ஒரு குருவியை அட்டையின்மேல் வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் அரை இஞ்ச் கூடுதல்.

“என்னங்க்கா, காயிதத்துக்கும் தையலுக்கு விட்டிருக்கீங்க!”

வகுப்பே சிரித்தது. பரிமளாவும் சிரித்தாள், ஆனால் காது சுட்டது. மடித்துத் தைக்க ஓரம் விட்டே துணி வெட்டிப் பழகிய அவள் கைக்குக் கோட்டின்மேலேயே வெட்டத் தெரியாது. இந்தக் கைக்கு இனி வேறொன்று வருமா?

“ஓரத்தை வெட்டி விட்ருங்க்கா, சரியாப் போயிரும்.”

கத்தரியை எடுத்தவள் அப்படியே நின்றாள். மஞ்சள் குருவி நீலக் குருவிமேல் ஏறியிருந்த இடத்தில் பச்சையாக ஒரு பட்டை ஓடியது. அவள் யாரிடமிருந்தும் வாங்காத பச்சை. கத்தரியை வைத்துவிட்டு, பையிலிருந்து நூல் கோத்த ஊசியை எடுத்தாள்.

“காயிதத்தைத் தைக்கவா போறீங்க?” என்றாள் தர்ஷினி.

“தைச்சுத்தான் பார்ப்போமே, கண்ணு” என்றாள் பரிமளா. பக்கத்து மேசைப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தாள்.