தேயாத பிரேக்

“பத்து வருசமா ஓடுது மாப்ள, என் ஜீப்போட பிரேக் பேடு துளிகூடத் தேயல. இது வந்தா மதுரையே ஒதுங்கி நின்னு வழிவிடும்!” என்றார் முத்திருளன்.

மெக்கானிக் அழகுபாண்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இம்புட்டு கனமான வண்டிக்கா? நெசம்னா என் மீசையை எடுத்துடுறேண்ணே.”

சக்கரத்தைக் கழற்றினான். பேடு புதுசு போலத் தடிமனாக இருந்தது. கை தானாக மீசைக்குப் போனது.

“நேத்து மாத்திட்டு இன்னைக்குக் கதை விடுறீங்க!”

சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி சுபலட்சுமி ஜீப்பை உற்றுப் பார்த்தாள். “ஏங்க, நம்ம கல்யாணத்துல உங்களை ஊர்வலமா கூட்டியாந்த வண்டிதானே இது?”

“மாப்பிள்ளை அழைப்பைத் தவிர வேற சோலிக்கு இதை எடுக்கிறதே இல்லம்மா” என்று பூரித்தார் முத்திருளன்.

அழகுபாண்டி மீசையைக் கடைசியாக ஒருமுறை தடவிக்கொண்டான். “நெசந்தாண்ணே. அன்னைக்கு மேளத்துக்குப் பின்னால ஊர்ந்த ஊர்தலுக்கு, இறங்கி நடந்திருந்தா முன்னாடியே தாலி கட்டியிருப்பேன்.”