பேசினபடி ஒரு துளை

கட்டில் ஆடியதில் ஹால்வாருக்கு விழிப்பு வந்தது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், முற்றத்தில் ஒரு ராட்சத லாரி. அதன் பின்பக்கத்தில் துளையிடும் கோபுரம் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

கீழே சமையலறையில் அவர் மனைவி மைக்கென் அதை வேடிக்கை பார்த்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தார். கதவோரம் கழற்றி வைத்திருந்த மைக்கெனின் பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் ஈரம். "பலகை ஊறிப்போகும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஹால்வார் அதைத் தாண்டிப் போனார். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. மூன்று குளிர்காலத்துக்கு முன்பு, பாறைக்குள்ளிருந்து சூட்டை இழுத்து வீட்டைக் கதகதப்பாக்கும் பம்பு போடலாம் என்று மைக்கென் நச்சரித்தார். ஹால்வாரும் நகராட்சியில் அனுமதி வாங்கினார், முற்றத்தில் இடம் பார்த்துக் குச்சிகூட அடித்தார். செலவு இரண்டு லட்சம் குரோனர் என்று தெரிந்ததும் பேச்சையே மூடி வைத்துவிட்டார்.

"ஆளைப் புதைக்கவே ரெண்டு மீட்டர் போதும். கால் கதகதன்னு இருக்க எதுக்கு நூத்தி எண்பது மீட்டர்? இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்பார்.

மைக்கென் மூன்று ஸ்வெட்டர் போட்டுப் பார்த்துவிட்டு, போன வாரம் பெட்டியைக் கட்டிவிட்டார். "இந்த ஐஸ் பெட்டிக்குள்ள இன்னொரு குளிர்காலம் என்னால ஆகாது. சனிக்கிழமை மால்மோவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வருவேன்னு வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்காத."

ஹால்வாருக்கு உள்ளூர உதறல்தான். மைக்கென் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு லட்சத்தையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது லாரியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோடையில் மைக்கெனின் அத்தை காலமாகி, கொஞ்சம் பணம் விட்டுப் போயிருந்தார். எங்கள் ஊர் தம்பதிகள் எல்லாரையும் போல இவர்களுக்கும் அவரவர் பணம் அவரவருக்கு. கரண்ட் பில்லைக்கூட ஆளுக்குப் பாதி கட்டுவார்கள். ஆக, மனுஷி அத்தை காசில் ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது. வாயைத் திறந்து 'எவ்வளவு?' என்று கேட்டால் 'உன் பாதியை எடு' என்பார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மனைவியும் மிச்சம், பணமும் மிச்சம்.

லாரிக்காரர் டிமோ கதவைத் தட்டினார். "சிவப்பு வீடு, வெள்ளை ஓரம்னு சொன்னாங்க. குச்சி நிக்குற இடத்துலதானே?"

"பேசினபடியே செய்ங்க" என்றார் ஹால்வார். யார் பேசியது என்று சொல்லவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

பகல் முழுக்க வீடு அதிர்ந்தது. முற்றம் சாம்பல் சேறாகியது. எதிர்ச்சாரிச் சிவப்பு வீடுகளின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஹால்வார் டிமோவுக்கு இலவங்கப்பட்டை பன் கொண்டுபோய்க் கொடுத்தார். "இன்னும் பத்து மீட்டர் போனா நல்லா சூடு வருமா? தாராளமா போங்க" என்றுகூடச் சொன்னார். அடுத்தவர் காசு என்றால் அவருக்கு மனசு விசாலம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது பக்கத்து வீட்டு யூர்டிஸ் சேற்றில் கால் பதியாமல் தத்தித் தத்தி வந்தார். "மைக்கென், உங்க வேலை முடிஞ்சா அந்த ஆளைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன். என் வீட்டுக்கும் இன்னைக்கு வர்றதா சொன்னாங்க. காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன், ஒருத்தரையும் காணோம்."

டிமோவின் வாயில் பன் அப்படியே நின்றது. "நீங்களா யூர்டிஸ்?"

"நானேதான். சிவப்பு வீடு, வெள்ளை ஓரம்னு போன்ல தெளிவா சொன்னேனே."

டிமோ தெருவைத் திரும்பிப் பார்த்தார். தெருக்கோடிவரை சிவப்பு வீடு, வெள்ளை ஓரம்.

"அப்ப இந்த வீட்டுல வரச் சொன்னது யாரு?" என்று யூர்டிஸ் கேட்டார்.

ஹால்வாரின் விரல் மனைவியைக் காட்டியது.

"நான் யாருக்கும் போன் பண்ணல. யார்கிட்டயும் விலை பேசல. அத்தை பணம் பேங்க்ல அப்படியே இருக்கு" என்றார் மைக்கென்.

டிமோ பன்னை விழுங்கினார். "ஹால்வார், நான் கதவைத் தட்டி உங்களைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். பேசினபடியேன்னு சொன்னீங்க. இன்னும் ஆழமாப் போகச் சொன்னீங்க. துளையைப் பிடுங்கிட்டுப் போய் அடுத்த வீட்டுல நட முடியாது. பில் உங்களுக்குத்தான்."

ஹால்வார் பில்லில் கையெழுத்துப் போட்டார். யூர்டிஸ் வீட்டுக்கு நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு டிமோ லாரியைக் கிளப்பினார்.

உள்ளே மைக்கென் பெட்டியைத் திறந்து, ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பணம் போனது ஹால்வாருக்கு ஆறவில்லை. ஆனால் காலியாகும் பெட்டியைப் பார்க்கப் பார்க்க, சொல்லக் கூச்சமாக ஒரு நிம்மதியும் வந்தது.

"ஊரே சிவப்பா இருக்கு. இத்தனை வீட்டை விட்டுட்டு அந்த மடையன் கண்ணுக்கு நம்ம வீடுதானா கிடைச்சுது?" என்று புலம்பினார்.

மைக்கென் திரும்பாமலேயே சொன்னார். "பாவம், எந்த வீடுன்னு தெரியாம தெரு முனையில முழிச்சுக்கிட்டு நின்னாரு. நான்தான் போய்க் கையைக் காட்டினேன்."