பலாக்கதவு

பழைய வீட்டை இடித்தபோது பிரகாசியம்மாள் பலாமரக் கதவை மட்டும் கிடார் செய்யும் ஞானசிகாமணியின் பட்டறைக்குத் தூக்கி வந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத மகன் ஆசைப்பட்ட கிடாரை இதில்தான் செய்ய வேண்டும் என்றாள். "பலாவுல வீணைல்லா செய்வாவ" என்று முனகிக்கொண்டே அவர் கதவை அறுத்து இழைத்தார். நாதம் பார்க்கப் பலகையைக் காதோடு பிடித்து, விரல்முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார்.

"இந்தா வந்துட்டேன் மக்ளே!"

மூலையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வாசலுக்கே ஓடிவிட்டாள். பிறகு வெட்கத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னொருக்கா தட்டுங்க அண்ணாச்சி" என்றாள்.

பலகை இன்னும் தடிமன்தான். இன்னும் அரை நூல் கனம் இழைத்தால் கிடார் பாடும். ஆனால் கதவு தட்டும் இந்தச் சத்தம் போய்விடும். ஞானசிகாமணி இழைப்புளியைக் கீழே வைத்தார். மறுபடி தட்டிவிட்டு, அவரும் வாசலைப் பார்த்தார்.